இலங்கை மலைநாட்டு வீட்டுத் தோட்டத்தில் இனிப்புச் சோளம்: கேள்வி பதில்

கேள்வி (ஹட்டன்): லயத்துக்குப் பின்னால வேலியோரமா ஒரே வரிசையில இருபது விதை போட்டேன்ணா. செடி ஆளுயரம் வந்துச்சு. கருதை உரிச்சுப் பார்த்தா அங்கொண்ணும் இங்கொண்ணுமாத்தான் மணி. பசளை போதலையா?

பதில்: பசளையில் குறையில்லை, மகரந்தம்தான் போதவில்லை. உச்சியில் வரும் கொண்டை ஆண் பூ. கதிரின் நுனியில் தொங்கும் மயிர் பெண் பூவின் பகுதி. அந்த மயிர் ஒவ்வொன்றும் உள்ளே ஒரு மணிக்குப் போகிறது. எந்த மயிரில் மகரந்தம் விழவில்லையோ, அந்த இடம் பொக்கைதான். சோளத்துக்குத் தேனீ தேவையில்லை, காற்றுத்தான் மகரந்தத்தைக் கொண்டுபோகிறது. ஒற்றை வரிசையாக வைத்தால் பெரும்பகுதி வேலிக்கு அப்பால் போய்விடும்.

அதனால் சதுரமாக நடுங்கள். 10 அடிக்கு 10 அடி இடத்தில் இரண்டரை அடி இடைவெளியில் 4 வரிசை, வரிசையில் அடிக்கு ஒரு செடி என்று 40 செடி வைக்கலாம். இடம் அதைவிடச் சிறிதானாலும் 4 வரிசையைக் குறைக்காதீர்கள், வரிசையின் நீளத்தைக் குறையுங்கள். ஒரு சதுரத்துக்கான விதை முழுவதையும் ஒரே நாளில் போடுங்கள். வாரம் ஐந்தாறாகப் போட்டால், ஒன்றில் கொண்டை உதிரும்போது மற்றதில் மயிரே வந்திருக்காது.

இதோடு கையாலும் உதவி செய்யலாம். மழையில்லாத காலையில், பனி உலர்ந்தபின், 9 மணியிலிருந்து 11 மணிக்குள் கொண்டையைக் காகிதப் பைக்குள் வளைத்துத் தட்டுங்கள். மஞ்சள் தூள் விழும். அதை உடனே எல்லாக் கதிர் மயிரிலும் தூவுங்கள். நேற்றுப் பிடித்த தூளை இன்றைக்கு வைத்திருந்து பயனில்லை. ஒரு கதிரின் மயிர் முழுவதும் ஒரே நாளில் வெளியே வராது, நுனி மணிகளுக்கான மயிர்தான் கடைசி. ஆகவே மூன்று நான்கு காலை தொடர்ந்து செய்யுங்கள். நுனி மட்டும் பொக்கையாக இருப்பது பெரும்பாலும் இதனால்தான்.

கேள்வி (நுவரெலியா): சுருங்கிப்போன மாதிரி விதை இருக்கு. பாதிக்கு மேல முளைக்காம அழுகிப்போச்சு. கெட்ட விதையா?

பதில்: சுருங்கியிருப்பது கெட்டதற்கு அடையாளமல்ல. அதிக இனிப்புள்ள வகையின் விதையில் மாவுச்சத்து குறைவு, அதனால்தான் அந்தத் தோற்றம். முளைக்கு வேண்டிய சேமிப்பும் குறைவு என்பதால், மண் 16 பாகை செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்து ஈரமாகவும் கிடந்தால் முளை வருவதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். உங்கள் உயரத்தில் தை, மாசியில் உறைபனியும் விழும். நேரடியாக மண்ணில் போடாமல், அடியில் துளையிட்ட யோகட் கோப்பையில் கூட்டெருவும் மணலும் கலந்து, 2 செ.மீ. ஆழத்தில் ஒரு விதை வையுங்கள். இரவில் அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்தால் சூடு கிடைக்கும். முளை தெரிந்ததும் வெயிலுக்கு மாற்றுங்கள். மேல்மண் காயத் தொடங்கினால் மட்டும் தண்ணீர். இரண்டு மூன்று இலை வந்ததும் வேர்க்கட்டி உடையாமல் நடுங்கள். தாமதித்தால் வேர் சுற்றிக்கொண்டு செடி குட்டையாகவே நிற்கும்.

விதையில் இளஞ்சிவப்பு, பச்சை என்று தூள் பூசியிருந்தால் அது மருந்து. கையுறையோடு தொடுங்கள், பிள்ளைகளுக்கும் கோழிக்கும் எட்டவிடாதீர்கள்.

கேள்வி (மஸ்கெலியா): எந்த மாசம் போடுறது? எங்க பக்கம் மழைதான் பிரச்சினை.

பதில்: தை கடைசியிலிருந்து மாசி நடுவுக்குள் போட்டுவிடுங்கள். தொடக்கத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டிவரும், ஆனால் சித்திரையில் கொண்டை வந்துவிடும். அப்போது மழை பெரும்பாலும் பின்னேரத்தில்தான், காலையில் மகரந்தம் உதிர நேரம் கிடைக்கும். வைகாசி, ஆனியில் தென்மேற்குப் பருவமழை பிடித்தபின் கொண்டை வந்தால் தூள் நனைந்து ஒட்டிக்கொள்ளும், உதிராது. வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்துக் கணக்கு வேறு. அங்கே பங்குனி, சித்திரை மழையில் விதைக்கலாம், ஆனி முதல் வறட்சி என்பதால் மயிர் வரும் நேரத்தில் தண்ணீர் மட்டும் தவறக்கூடாது. எந்தப் பக்கமானாலும் நாளுக்கு 6 மணிநேர வெயில் படாத இடத்தில் சோளம் வேண்டாம்.

கேள்வி (தலவாக்கலை): தேயிலை பிடுங்கின இடம். செடி முழங்கால் உயரத்துல நின்னுருச்சு, இலை ஊதாவா இருக்கு.

பதில்: தேயிலைக்குப் பிடித்த புளிப்பு மண் சோளத்துக்கு ஆகாது. அந்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கெடுக்கும், பொஸ்பரசும் மண்ணோடு கட்டுப்பட்டுவிடும். ஊதா நிறம் அதன் அடையாளம். குளிரிலும் இளஞ்செடி ஊதாவாகும், ஆனால் வெயில் வந்ததும் தெளிந்துவிடும். அடுத்த போகத்துக்கு, விதைக்க மூன்று வாரம் முன்பே சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிராம் டொலமைட்டை (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள்) ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலந்துவிடுங்கள். பக்கத்தில் நிற்கும் தேயிலை அடியில் விழ வேண்டாம்.

10 அடிச் சதுரத்துக்கு மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு 25 கிலோ, டீஎஸ்பி (பொஸ்பரஸ் உரம்) 90 கிராம், எம்ஓபி (பொட்டாசியம் உரம்) 45 கிராம், யூரியா 65 கிராம் அடியுரம். பிறகு முழங்கால் உயரத்தில் யூரியா 110 கிராம், கொண்டை எட்டிப்பார்க்கும் முன் இன்னொரு 110 கிராம். செடிக்கு ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக வரும். தண்டிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டு மண்ணால் மூடுங்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டினால் மலைச்சரிவு மழையில் பள்ளத்துக்குத்தான் போகும். வரிசையையும் சரிவுக்குக் குறுக்காகவே போடுங்கள்.

கேள்வி (ராகலை): அடியில வர்ற பக்கக் கிளையை ஒடிக்கணுமா?

பதில்: வேண்டாம். ஒடித்தால் கதிர் பெருக்காது, காயம்தான் மிச்சம்.

கேள்வி (வெலிமடை): குருத்துக்குள்ள மரத்தூள் மாதிரி இருக்கு, இலையெல்லாம் ஓட்டை. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: அது சேனா என்று சொல்லும் படைப்புழுவாக இருக்கலாம். 2018 கடைசியில் இலங்கை முழுக்கப் பேசப்பட்ட அதே புழு. தலையில் தலைகீழ் Y போல வெள்ளைக்கோடும், வால்பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளியும் இருந்தால் உறுதி. 40 செடிக்கு மருந்து தேவையே இல்லை. வாரம் இருமுறை காலையில் இலையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். பஞ்சு மூடிய முட்டைக்கூட்டம் கண்டால் நசுக்கிவிடுங்கள். குருத்திலிருக்கும் புழுவைக் குச்சியால் எடுத்து சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள். எடுத்தபின் குருத்துக்குள் ஒரு சிட்டிகை மணலும் சாம்பலும் போடலாம். புழு வளர்ந்து உள்ளே இறங்கிவிட்டால் மேலே தெளிக்கும் மருந்து அதைத் தொடாது. ஆகவே பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி (பொகவந்தலாவை): இலையில செங்கல் தூள் மாதிரி புள்ளி. தடவினா கையில ஒட்டுது.

பதில்: துரு நோய். குளிரும் பனிமூட்டமும் அதற்கு ஏற்ற காலநிலை. கதிர் பிடித்தபின் வந்தால் விட்டுவிடுங்கள், பெரிய இழப்பு வராது. அதற்கு முன்பே வந்தால் அடியிலைகளை அகற்றி காற்றோட்டம் கொடுங்கள், தண்ணீரை இலையில் படாமல் அடியில் ஊற்றுங்கள்.

கேள்வி (பண்டாரவளை): கருது நல்லா நிறைஞ்சிருந்துச்சு, ஆனா இனிப்பே இல்ல. கடினமா மென்னு துப்ப வேண்டியதாப் போச்சு.

பதில்: இரண்டு காரணம் இருக்கலாம். பக்கத்து வீட்டில் கோழித்தீனிச் சோளம் நின்றிருந்தால், அதன் மகரந்தம் விழுந்த மணி அந்த ஆண்டே மாவாகிவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் கொண்டை விடாதபடி மூன்று நான்கு வாரம் முன்பின்னாக விதையுங்கள். மற்றது, முற்றவிட்டுப் பறிப்பது. மயிர் வந்து கீழ்நாட்டில் 20 நாள் என்றால், குளிரான மலையில் 25 முதல் 30 நாள் ஆகலாம். நாளை மட்டும் நம்பாமல், மயிர் பழுப்பாகிக் காய்ந்ததும் நுனித்தோலை விலக்கி ஒரு மணியை நகத்தால் கிள்ளுங்கள். தண்ணீராக வந்தால் பொறுங்கள். பால் வந்தால் அன்றைக்கே பறியுங்கள். பசையாக வந்தால் கடந்துவிட்டது. பழைய வகைகளில் பறித்த நேரத்திலிருந்தே சர்க்கரை மாவாக மாறும், ஆகவே உலை கொதித்தபின் தோட்டத்துக்குப் போனாலும் தப்பில்லை.

கேள்வி (ஹட்டன்): ராத்திரி பன்றி வருது. கம்பி போடலாமா அண்ணா?

பதில்: கரண்டுக் கம்பியும் வேண்டாம், சுருக்குக் கம்பியும் வேண்டாம். கரண்டில் மனிதர் சாகிறார்கள், சுருக்கில் சிறுத்தை மாட்டிச் சாகிறது. பழைய தகரத்தை ஒரு அடி மண்ணுக்குள் புதைத்து, மேலே மூன்றடி நிற்கும்படி சதுரத்தைச் சுற்றி அடையுங்கள். சிறிய சதுரம் என்பதால் பத்துப் பன்னிரண்டு தகரம் போதும். கதிர் பால் பிடிக்கும் வாரத்தில்தான் பன்றியும் முள்ளம்பன்றியும் தேடி வரும், அதற்கு முன்பே வேலி முடிந்திருக்க வேண்டும்.