பெருவிரலை எடுத்த காலில் காய்ப்பு: விட்டுவிடலாமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 61. சர்க்கரை நோயால் புண் ஏற்பட்டு, ஆறு மாதங்களுக்கு முன் வலது கால் பெருவிரலை எடுத்துவிட்டார்கள். தையல் போட்ட இடம் நன்றாக ஆறிவிட்டது. ஆனால் நடக்கும்போது செருப்பு கழன்றுகொள்கிறது; இரண்டாம் விரலுக்குக் கீழே பாதத்தில் தோல் தடித்துக் காய்த்திருக்கிறது. வலி இல்லாததால் அதை அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடக் கூடாது. தடித்த இடம் வலிக்கவில்லை என்பது, அந்தப் பாதம் உணர்விழந்திருப்பதற்கான அடையாளமாகவே பெரும்பாலும் இருக்கும்.

நாம் அடியெடுத்து வைக்கும்போது குதிகாலில் விழும் எடை முன்பாதத்துக்கு நகர்ந்து, கடைசியில் பெருவிரல் தரையை உந்த, கால் எழும்புகிறது. அந்த விரல் இல்லாதபோது அதன் சுமையை இரண்டாம், மூன்றாம் விரல்களின் அடியிலுள்ள எலும்பு முனைகள் ஏற்க வேண்டியிருக்கிறது. அழுத்தத்தைத் தாங்கத் தோல் தடிக்கிறது. பின்னர் அந்தத் தடிப்பே கூழாங்கல்லைப் போல உள்ளிருக்கும் சதையை நசுக்குவதால், வெளியே எதுவும் தெரியாமலேயே அடியில் புண் உருவாகிறது. வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்: மஞ்சளாகத் தடித்த தோலுக்குள் கருஞ்சிவப்புப் புள்ளியோ நீலம் பாரித்த திட்டோ தெரிந்தால், உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். மறுநாளைக்குத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

காய்ப்பை வீட்டில் பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் ஆணி பிளாஸ்டரை ஒட்டுவதும் ஆபத்தானவை. அந்த பிளாஸ்டரில் உள்ள சாலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும். பாத சிகிச்சையில் பயிற்சி பெற்றவர்தான் அதைச் சீவ வேண்டும். ஆனால் அழுத்தம் குறையாதவரை சீவிய காய்ப்பு மீண்டும் வந்துகொண்டேதான் இருக்கும் என்பதால், உண்மையான சிகிச்சை செருப்பில்தான் இருக்கிறது.

ஹவாய் செருப்பு இனி அவருக்கு ஆகாது. அதைப் பற்றிக்கொள்ள மீதமுள்ள விரல்கள் மடங்கி மடங்கி, நாளடைவில் வளைந்து, அவற்றின் நுனியிலும் புண் வரும். குதிகாலைச் சுற்றிப் பட்டையும், உள்ளே எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் அடுக்கும், வெளியே வளையாத அடிப்பாகமும் கொண்ட செருப்பை, அவர் பாதத்தை அளந்து செய்து வாங்குங்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், உணர்விழந்த பாதத்தை அழுத்தத்திலிருந்து காப்பதே முதற்கடமை என்று காட்டினார். சர்க்கரை நோயாளியின் பாதத்துக்கும் அதுவே பொருந்துகிறது. ஷூ அணிவதானால் விரல் இருந்த வெற்றிடத்தை மென்மையான உள்ளடியோடு சேர்த்து நிரப்பித் தருவார்கள். அங்கே பஞ்சையோ துணியையோ நீங்களாகத் திணிக்க வேண்டாம். புதிய செருப்பை முதலில் சற்று நேரம் மட்டும் அணிந்து, கழற்றியவுடன் சிவந்த இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. நண்பகலில் கோயில் பிரகாரத்தில் நடந்துவிட்டு, சுட்டதே தெரியாமல் உள்ளங்கால் முழுதும் கொப்புளத்தோடு வருவோரைக் கோடைதோறும் பார்க்கிறோம். பார்க்கும்போதெல்லாம் மனம் வேதனைப்படுகிறது.

காலுக்கு ரத்தம் போதிய அளவு செல்கிறதா என்பதையும் சோதித்தாக வேண்டும். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுக்கும்போது 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளின் தமனிகள் சுண்ணாம்பு படிந்து இறுகியிருந்தால் இந்த அளவு பொய்யாக உயர்ந்து காட்டும். ஆகவே ரத்த ஓட்டத்தை ஒலி அலைகளால் அறியும் டாப்ளர் பரிசோதனையையும், கால் விரல்களில் எடுக்கும் ரத்த அழுத்த அளவையும் கேட்டுப் பெறுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்த வேண்டும்.

தினமும் இரவில் ஒரு கைக்கண்ணாடியை வைத்து உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் பார்த்து, இரு பாதங்களையும் புறங்கையால் தொட்டு ஒப்பிடுங்கள். ஒரு பாதம் மட்டும் சூடாகவோ, வீங்கியோ, சிவந்தோ இருந்தால், காய்ச்சல் இல்லாவிட்டாலும் நடையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நல்ல கால் என்று நீங்கள் நினைக்கும் இடது காலுக்கும் இதே கவனிப்பு வேண்டும்.