பிக்கப்புக்கு ஆள் வரும், டிரெய்லருக்கு யார் வருவார்?

கேள்வி: ஏனுங்க சார், நாங்கள் கோபி பக்கம். வெள்ளை போர்டு டபுள் கேபின் பிக்கப் வைத்திருக்கிறோம், ஃபோர் வீல் டிரைவ். பின்னால் மாட்டிக்கொண்டு போக, படுக்கையும் சின்ன சமையல் மேடையும் வைத்த கேம்பர் டிரெய்லர் ஒன்றைக் கோவையில் சொல்லிச் செய்து வாங்கினோம். வால்பாறை, மூணாறு, மைசூர் என்று குடும்பத்தோடு போகிற எண்ணம். பிக்கப் கம்பெனி கொடுத்த ரோட்சைடு அசிஸ்டன்ஸ் (வண்டி வழியில் நின்றால் ஆள் அனுப்பும் உதவித் திட்டம்) இன்னும் ஓடுகிறது. இன்சூரன்ஸ் ஏஜென்ட் பாலிசியோடு ஒன்று சேர்க்கச் சொல்கிறார். ஆப்பில் தனியாகவும் விற்கிறார்கள். எதை எடுப்பதுங்க?

பதில்: மூன்றில் எதை எடுத்தாலும் பிக்கப்புக்கு ஆள் வந்துவிடும். பின்னால் தொங்குகிற டிரெய்லரை என்ன செய்வார்கள் என்பதை வைத்துத்தான் நீங்கள் முடிவெடுக்க வேண்டும். ஏஜென்ட் அதைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. நம்மூரில் கேம்பர் டிரெய்லர் வைத்திருப்பவர் எத்தனை பேர்?

இந்த உதவித் திட்டங்கள் எல்லாமே வண்டி நம்பரோடு கட்டப்பட்டவை. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்கும் தனிப் பதிவு, தனி ஆர்.சி. வேண்டும். பட்டறையில் செய்து கொடுத்தவர் பில்லை மட்டும் நீட்டியிருந்தால், ரோட்சைடு பேச்சை ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போங்கள். பதிவில்லாத டிரெய்லரை எந்தத் திட்டமும் ஏற்காது. வழியில் நிறுத்திக் கேட்டாலும் பதில் சொல்ல முடியாது.

ஆர்.சி. இருக்கிறது என்றால் பிக்கப் பாலிசியின் ஷெட்யூலை, அதாவது விவரப் பக்கத்தை, எடுத்துப் பாருங்கள். ஐ.டி.வி. (இன்சூரன்ஸ் கம்பெனி ஒப்புக்கொண்ட மதிப்பு) எழுதியிருக்கும் கட்டத்தில் வண்டிக்கு ஒரு தொகை, டிரெய்லருக்கு ஒரு தொகை, கூடுதல் சாமான்களுக்கு ஒரு தொகை என்று வரிசையாக இருக்கும். டிரெய்லர் என்ற இடத்தில் சைபரோ வெறும் கோடோ இருந்தால், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியாது என்று பொருள். பிரீமியம் கட்டி அதை எழுதச் சொல்லுங்கள். இதே பிக்கப் மஞ்சள் போர்டாக இருந்திருந்தால் சிக்கல் இன்னும் பெரிது. சரக்கு வண்டிகளுக்கான வழக்கமான பாலிசியில், பழுதான ஒரு வண்டியைக் கூலி வாங்காமல் இழுத்துப் போவது தவிர, டிரெய்லர் இழுப்பதே விலக்கு. தனியாகச் சேர்த்து எழுதினால்தான் உண்டு.

‘பாலிசியிலேயே டோயிங் இருக்குதே’ என்று பலர் சொல்வார்கள். இருக்கிறதுதான், ஆனால் அது விபத்து நடந்தால் மட்டும். தனியார் கார் பாலிசியில் வழக்கமாக 1,500 ரூபாய்தான் உச்சவரம்பு. கிளட்ச் தீய்ந்து நடுரோட்டில் நின்றால் அதில் ஒரு பைசா கிடைக்காது. அந்த இடத்துக்குத்தான் ரோட்சைடு அசிஸ்டன்ஸ்.

இப்போது மூன்று திட்டங்களின் வாடிக்கையாளர் நம்பருக்கும் கூப்பிட்டு ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “பின்னால டிரெய்லர் மாட்டியிருக்குதுங்க. பிக்கப் நின்னு போச்சுன்னா ரெண்டையும் எடுத்துட்டுப் போவீங்களா, இல்ல டிரெய்லரை ரோட்டோரமே விட்டுட்டுப் போவீங்களா?” பெரும்பாலும் எதிர்முனையில் கொஞ்சம் மௌனம், அப்புறம் “செக் பண்ணிச் சொல்றோம் சார்”. வாயால் ‘எடுத்துக்குவோம்’ என்று சொன்னால் நம்பாதீர்கள், மெயிலில் எழுதி வாங்குங்கள். நிற்பது டிரெய்லராகவே இருந்தால், அதாவது பேரிங் போய், அச்சு வளைந்து, பிக்கப் நன்றாக இருக்கிறது என்றால், வருவார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் ‘இல்லை’ வரும்.

அடுத்து, எந்த வண்டியை அனுப்புவார்கள்? முன் சக்கரங்களைத் தூக்கிப் பின் சக்கரங்களை உருட்டிக்கொண்டு போகும் டோயிங் உங்கள் ஃபோர் வீல் டிரைவுக்கு ஆகாது, கியர்பாக்ஸ் பக்கம் செலவு வைத்துவிடும். நாலு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட்தான் வேண்டும். உங்கள் மாதிரி பிக்கப்புகள் 5 மீட்டர் நீளத்தைத் தாண்டும். சின்னக் கார்களுக்கென்று செய்த பிளாட்பெட் வந்தால் பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், ஏற்ற மாட்டேன் என்று டிரைவர் திரும்பிவிடுவார். திட்டம் எடுக்கும்போதே வண்டி மாடல், எடை, நீளம் மூன்றையும் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

தூரக் கணக்கில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ‘50 கி.மீ. வரை இலவச டோயிங்’ என்று போட்டிருக்கும். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கி.மீ., ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. மேலே நின்றுவிட்டால் 50 கி.மீ. முடியும்போது நீங்கள் இன்னும் பொள்ளாச்சி வந்து சேர்ந்திருக்க மாட்டீர்கள். மிச்சத்துக்கு மீட்டர் உங்கள் கணக்கில் ஓடும். அந்த 50 எங்கிருந்து தொடங்குகிறது என்பதும் முக்கியம். வண்டி நின்ற இடத்திலிருந்தா, ரெக்கவரி வண்டி தன் ஷெட்டை விட்டுக் கிளம்பிய இடத்திலிருந்தா? மலைப்பாதை, காட்டுப்பாதைக்குத் தனிக் கட்டணம், பள்ளத்திலிருந்து இழுத்தெடுக்க கிரேன் கட்டணம் தனி என்பதெல்லாம் விதிமுறையில் சின்ன எழுத்தில் இருக்கும், படித்துவிடுங்கள். மைசூருக்கு சத்தி, திம்பம் வழி போக நினைத்திருந்தால், 27 கொண்டை ஊசியில் டிரெய்லரோடு ஏறுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அங்கே நீங்கள் நின்றால் மொத்தப் பாதையும் நிற்கும். இரவுக் கட்டுப்பாடு வேறு இருக்கிறது. சுற்றுதான் என்றாலும் சேலம், ஓசூர் வழி நல்லது.

சேலம் கொச்சி சாலை, நாமக்கல் கரூர் சாலை மாதிரி தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் முதலில் 1033 என்ற நெடுஞ்சாலை உதவி எண்ணுக்கு அடியுங்கள். எந்தத் திட்டமும் எடுத்திருக்க வேண்டியதில்லை. ரோந்து வண்டியும் கிரேனும் சுங்கச்சாவடி ஆட்களின் பொறுப்பு. பாதையை அடைக்காமல் பத்திரமான இடத்துக்கு நகர்த்திக் கொடுப்பார்கள். பட்டறை வரை கொண்டுபோய் விடுவது அவர்கள் வேலையில்லை. உடுமலையிலிருந்து சின்னாறு வழியாக மறையூர் ஏறும் பாதையில் இந்த நம்பரை எதிர்பார்க்காதீர்கள். போன் சிக்னலே விட்டுவிட்டுத்தான் வரும்.

எந்தத் திட்டத்திலும் பஞ்சர் உதவி என்றால் உங்களிடம் இருக்கும் ஸ்டெப்னியை மாட்டிக் கொடுப்பதுதான். டிரெய்லர் சக்கரமும் பிக்கப் சக்கரமும் ஒரே அளவாக இருக்காது. டிரெய்லருக்குத் தனி ஸ்டெப்னியும், அதன் அடியில் நுழையும் ஜாக்கியும் இல்லாவிட்டால் வந்தவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். முதல் அரை மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு நிறுத்தி, டிரெய்லர் ஹப்புக்கு (சக்கரத்தின் நடுப்பகுதி) பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு பக்கம் வெதுவெதுப்பு, மறு பக்கம் கிட்டே போகவே முடியாத சூடு என்றால் பேரிங்கில் கிரீஸ் போதவில்லை, இல்லையேல் இறுக்கம் அதிகம். டிரெய்லர் நடுவழியில் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம், பெரும்பாலும் தவிர்க்கக்கூடியதும்கூட.

இன்னொன்று, எந்தத் திட்டத்திலும் கிடைக்காதது. நம்ம பக்கம் எந்த ரோட்டில் நின்றாலும் கூப்பிடு தூரத்தில் ஒரு தோட்டமும் டிராக்டரும் இருக்கும். ஆனால் டிராக்டரில் இருப்பது ஓட்டையில் இரும்புப் பின் (ஆணி) செருகும் கொக்கி, உங்கள் டிரெய்லர் கேட்பது இரும்பு உருண்டை. உங்கள் கப்ளருக்கு (உருண்டையைக் கவ்வும் டிரெய்லரின் முன்முனை) பொருந்தும் உருண்டை, பெரும்பாலும் 50 மி.மீ. தான், போல்ட்டும் நட்டும் வைத்ததாக ஒன்றைக் கூடுதலாக வாங்கி டூல் பெட்டியில் போட்டு வையுங்கள். டிராக்டரில் அந்த ஆணி செருகும் ஓட்டையில் அதை முடுக்கிவிட்டால், டிரெய்லரைப் பக்கத்துக் களத்தில் மெதுவாகக் கொண்டுபோய் நிறுத்திவிடலாம். நெடுந்தூரம் இழுக்க வேண்டாம்.

உங்கள் நிலைமையில் நான் என்றால் கம்பெனி கொடுத்ததை அப்படியே ஓட விடுவேன். பிக்கப்பின் எந்திரக் கோளாறுக்கு அதுதான் நேராக அவர்கள் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகும். அது ஓடும்வரை ஏஜென்ட் சொல்லும் சேர்ப்பில் அதே பேட்டரி, அதே பஞ்சர், அதே சாவி உதவிக்கு இரண்டாம் முறை காசு கட்டுவீர்கள். அந்தக் காசைப் பாலிசியில் டிரெய்லரை எழுதச் செலவிடுங்கள். ஆப் திட்டம், டிரெய்லர் நம்பரையும் சேர்த்து எழுதித் தந்தால் மட்டும். கட்டிய அன்றே அமலுக்கு வராத திட்டங்கள் உண்டு, அதனால் பயணத்துக்கு முதல் நாள் வாங்கக் கூடாது. தகராறு வந்தால் வழியும் வேறு: பாலிசியோடு சேர்ந்தது என்றால் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி அல்லாதவர்கள் ஆப்பில் விற்பது இன்சூரன்ஸே கிடையாது. அதற்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

யாருமே டிரெய்லரை எழுதித் தரவில்லை என்றால், பொள்ளாச்சியிலோ உடுமலையிலோ பெரிய பிளாட்பெட் வைத்திருக்கும் ரெக்கவரிக்காரர் ஒருவரிடம் கிளம்புவதற்கு முன்பே பேசி, மேலே ஏறி இறக்க என்ன வாங்குவார் என்று கேட்டு, அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.