பித்தக்குழாய் அடைப்பு: எம்.ஆர்.சி.பி. எடுப்பதா, நேராக இ.ஆர்.சி.பி.க்குப் போவதா?

கேள்வி: நெல்லிக்குப்பத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 58 வயது. பத்து நாளாகக் கண் மஞ்சளாக இருக்கிறது, சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போகிறது, உடம்பெல்லாம் அரிப்பு. கடலூரில் எடுத்த ஸ்கேனில் பித்தப்பையில் கற்கள், பித்தக்குழாய் 11 மில்லிமீட்டர் என்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் எம்.ஆர்.சி.பி. எடுக்கச் சொல்கிறார். இன்னொருவர் புதுச்சேரிக்குப் போய் நேராக இ.ஆர்.சி.பி. செய்துகொள்ளச் சொல்கிறார். இரண்டும் ஒன்றுதானா? பக்கத்து வீட்டில் கீழாநெல்லி கொடுங்கள் என்கிறார்கள்.

பதில்: கீழாநெல்லி வேண்டாம். வைரஸால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும், பெயரைக் கீழாநெல்லி தட்டிக்கொண்டு போகும். அம்மாவுக்கு வந்திருப்பது அடைப்புக் காமாலை போலத் தெரிகிறது. அடைபட்ட குழாயை எந்தச் சாறும் திறக்காது.

பித்தக்குழாய் சாதாரணமாக 6 மில்லிமீட்டருக்குள் இருக்கும். 11 என்றால் கீழே எதுவோ தடுக்கிறது. எது என்பதை வயிற்று ஸ்கேன் பல நேரம் சொல்லாது. குழாயின் கீழ்முனைக்கு முன்னால் சிறுகுடல் கிடக்கிறது, அதிலுள்ள வாயு மறைத்துவிடும். ரிப்போர்ட்டில் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே இருப்பது கல்லாகவும் இருக்கலாம், குழாயே குறுகிப்போன சுருக்கமாகவும் இருக்கலாம், கணையத்தின் தலைப்பகுதியில் கட்டியாகவும் இருக்கலாம். பித்தப்பையில் கல் இருப்பதாலேயே குழாயிலும் கல்தான் என்று முடிவுகட்ட முடியாது.

எம்.ஆர்.சி.பி. என்பது படம் மட்டும்தான். காந்தத்தில் எடுப்பது, கதிர்வீச்சு கிடையாது, சாய ஊசியும் தேவையில்லை. பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல் இதில் தப்பலாம். சந்தேகம் நீடித்தால் எண்டோஸ்கோப்பி முனையிலேயே ஸ்கேன் கருவி உள்ள இ.யு.எஸ். கைகொடுக்கும்.

இ.ஆர்.சி.பி. என்பது சிகிச்சை. வாய் வழியாக, பக்கவாட்டில் பார்க்கும் கேமரா கொண்ட குழாயைச் சிறுகுடல்வரை இறக்குவார்கள். பித்தக்குழாய் திறக்கும் வாயில் மெல்லிய கம்பியை நுழைத்து, மின்கம்பியால் அந்த வாயைக் கொஞ்சம் அகலப்படுத்தி, பலூனைக் கல்லுக்கு மேலே ஊதிக் கீழே இழுப்பார்கள். கல் குடலில் விழுந்து மலத்தோடு போய்விடும். 1968-ல் பார்ப்பதற்காகத் தொடங்கிய முறை இது. இன்று வெறுமனே பார்க்க யாரும் இதைச் செய்யக்கூடாது, ஏனென்றால் நூறு பேரில் ஐந்து முதல் பத்து பேருக்குக் கணைய அழற்சி வரலாம். பெரும்பாலும் லேசாகத்தான் வரும், சிலருக்குக் கடுமையாகிவிடும். அதைத் தடுக்கத்தான் ஆசனவாயில் ஒரு மருந்து வைப்பார்கள், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஆக, இரண்டு டாக்டர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஸ்கேனிலேயே குழாய்க்குள் கல் தெரிந்திருந்தால் நேராக இ.ஆர்.சி.பி.க்குப் போகலாம். குழாய் வீங்கி, ரத்தப் பரிசோதனையில் பிலிருபினும் (காமாலையின் மஞ்சள் நிறமி) 4-க்கு மேல் இருந்தால் அப்படிப் போகிறவர்கள் உண்டு. ஆனால் அம்மாவுக்கு வயிற்றுவலியே இல்லையென்றால், காரணம் கட்டியாகவும் இருக்கலாம் என்பதால், படம் எடுக்காமல் போகாதீர்கள் என்பதுதான் என் கட்சி. கட்டி என்று சந்தேகம் வந்தால் ஸ்டென்ட் (பித்தம் வடிய அடைப்புக்குள் வைக்கும் சிறு குழல்) வைப்பதற்கு முன்பே சி.டி. எடுத்துவிட வேண்டும், வைத்த பிறகு படம் குழம்பிவிடும்.

நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அடைபட்ட குழாயில் சீழ் பிடித்திருக்கலாம். ராத்திரியாக இருந்தாலும் இ.ஆர்.சி.பி. வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள். புதுச்சேரி ஜிப்மரில் இதற்கென்றே குடல்-கல்லீரல் துறை இருக்கிறது.

போகும்போது பழைய ரிப்போர்ட்டோடு மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அடைப்பால் வைட்டமின் கே உடம்பில் சேராது, ரத்தம் உறைவது தாமதப்படும். முன்கூட்டியே ஐ.என்.ஆர். என்ற ரத்தம் உறையும் பரிசோதனை பார்ப்பதும் வைட்டமின் கே ஊசி போடுவதும் அதனால்தான். வீட்டுக்கு வந்த பிறகு கடும் வயிற்றுவலி, கறுப்பு மலம், காய்ச்சல் எது வந்தாலும் உடனே திரும்பிப் போங்கள்.

பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்தால் சுமார் மூன்று மாதத்தில் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். காமாலை இறங்கியதும் நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள், அது அடைத்துக்கொண்டு மறுபடி காய்ச்சலோடு வருவார்கள். டிஸ்சார்ஜ் தாளில் தேதியைக் கேட்டு எழுதி வாங்குங்கள். அப்புறம், கல்தான் காரணம் என்றால் கற்கள் நிறைந்த பித்தப்பை அப்படியே இருக்கும்வரை அடுத்த கல் இறங்க வழி இருக்கிறது. முடிந்தால் அதே அட்மிஷனில், இல்லையென்றால் இரண்டு வாரத்துக்குள் லேப்ராஸ்கோப்பியில் அதை எடுத்துவிடலாமா என்று சர்ஜனிடம் கேளுங்கள்.