தண்ணீரை முந்திக்கொள்ளும் சிமுலேஷன்

கேள்வி: 30 செ.மீ. விட்டமுள்ள உருளைக் கலன், உள்ளே 30 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர். அசையாமல் இருக்கும் கலனைச் சட்டென்று நிமிடத்துக்கு 60 சுற்று வேகத்தில் சுழல விடுகிறேன். தண்ணீர் முழுவதும் கலனோடு சேர்ந்து சுற்ற, சோதனையில் நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. கே-எப்சிலான் என்ற கொந்தளிப்பு மாடலை வைத்துக் கணினியில் கணக்கிட்டாலோ 40 விநாடியில் எல்லாம் முடிந்துவிடுகிறது. "மெஷ் (கணக்குக்காகத் தண்ணீரைப் பிரிக்கும் கட்டங்கள்) போதாது, பத்து மடங்காக்கித் தருகிறேன்" என்று சிமுலேஷன் செய்து கொடுக்கும் ஒருவர் விலை சொல்லியிருக்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மாடல் தப்பாக இருக்கும்போது மெஷ்ஷைப் பெருக்கினால், அதே தப்பு விடை இன்னும் வழவழப்பாக வரும்.

கலன் சுழலத் தொடங்கிய செய்தி நடுவிலிருக்கும் தண்ணீருக்கு எப்படிப் போய்ச் சேருகிறது? பக்கச் சுவரின் உரசலால் மட்டும் என்றால் ஆறு மணி நேரமாகும். உண்மையில் அந்த வேலையைச் செய்வது அடித்தட்டை ஒட்டி, அதோடு உரசிச் சுழலும் மெல்லிய நீரடுக்கான எக்மன் படலம். உங்கள் வேகத்தில் அதன் தடிமன் ஏறக்குறைய 0.4 மி.மீ. அதற்குள் வந்த தண்ணீர் வெளிப்பக்கம் வீசப்படும், அந்த இடத்துக்கு மேலிருந்து தண்ணீர் இறங்கும். இந்தச் சுற்றோட்டத்துக்கான கால அளவு சுமார் 120 விநாடி. தண்ணீர் முழுவதும் சேர்ந்து சுற்ற அதைப்போலச் சில மடங்கு பிடிக்கும், ஆகவே நீங்கள் பார்த்த நான்கு நிமிடம் அதோடு ஒத்துப்போகிறது. சோதனையைச் சந்தேகிக்க வேண்டாம்.

கே-எப்சிலான் எங்கே சறுக்குகிறது? பக்கத்துப் பக்கத்துத் தண்ணீருக்குள் வேக வித்தியாசம் தெரிந்தாலே, அங்கே கொந்தளிப்பு என்று முடிவுகட்டிப் பாகுநிலையை (தண்ணீரின் தடிப்பை) ஏற்றிவிடும். ஆனால் வேகம் ஏறும் கட்டத்தில் வெளிப்பக்கத் தண்ணீருக்குத்தான் கோண உந்தம் அதிகம். அது நிலையான அடுக்கு, கொந்தளிப்பை அமுக்கும். இயற்பியலாளர் ராலே 1917-லேயே சொன்ன விஷயம். சுழற்சியால் தோன்றும் கொரியாலிஸ் விசை நகர்வுக்குச் செங்குத்தாக இருப்பதால் ஆற்றலைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. ஆகவே இந்த மாடல் நம்பியிருக்கும் ஆற்றல் சமன்பாட்டில் சுழற்சியின் சுவடே இருக்காது. தண்ணீரைத் தேனாக்கிவிட்டு, சீக்கிரம் சுற்றிவிட்டது என்று கணக்குக் காட்டுகிறது.

மாடலை அணைத்துவிடுங்கள். அச்சுச் சமச்சீரான இருபரிமாணக் கணக்கு, கொந்தளிப்பு மாடல் இல்லை, அந்த 0.4 மி.மீ.க்குள் ஒரு பத்துக் கட்டம். சாதாரணக் கணினியே போதும்.

"ரெனால்ட்ஸ் எண் (வேகத்தையும் பாகுநிலையையும் ஒப்பிடும் எண்) 1,41,000 வருகிறது, கொந்தளிப்பு மாடல் எங்கே?" என்று, இதைக் கட்டுரையாக எழுதினால் அதை மதிப்பிடுகிறவர் நிச்சயம் கேட்பார். கேட்டே தீருவார், பட்டியலில் டிக் போடாமல் அவர்களுக்குத் தூக்கம் வராது. இங்கே பார்க்க வேண்டியது வேறு எண்: ஆரத்தைப் படலத் தடிமனால் வகுத்தது. சுழலும் தட்டில் அது 510-ஐ நெருங்கும்போதுதான் கொந்தளிப்பு தலைகாட்டும். உங்கள் கலனின் விளிம்பிலேயே 376தான். இதை எழுதி அனுப்புங்கள்.

இனி நான் அதிகம் பார்த்த ஏமாற்று. விலை சொன்னவர் அடுத்து உங்களுக்குக் குழிந்த நீர்ப்பரப்பின் வண்ணப்படம் ஒன்றைக் காட்டுவார். விளிம்புக்கும் நடுவுக்கும் 4.5 செ.மீ. வித்தியாசம், சூத்திரத்தோடு அச்சாகப் பொருந்துகிறது பாருங்கள் என்பார். பொருந்தத்தான் செய்யும்! அந்த இறுதி வடிவத்துக்கும் பாகுநிலைக்கும் சம்பந்தமே இல்லை. தேனுக்கும் அதே 4.5தான். எத்தனை ஆய்வேடுகளில் இந்த ஒரே படம் 'சரிபார்ப்பு' என்ற தலைப்பில் உட்கார்ந்திருக்கிறது! வழிகாட்டிகளும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

நான் சொன்ன சமச்சீர்க் கணக்குக்கு ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சுழல்மேசையை ரசமட்டம் வைத்துப் பார்த்தீர்களா? அச்சு துளி சாய்ந்திருந்தாலும், கலனோடு சுற்றுகிறவனுக்குப் புவியீர்ப்பின் திசை ஒரு சுற்றுக்கு ஒருமுறை சுழன்றுவரும். திறந்த நீர்ப்பரப்பு அதற்கேற்ப அலம்பும், உள்ளே நிலைம அலைகள் (சுழலும் நீருக்குள்ளேயே ஓடும் அலைகள்) கிளம்பும். சுழற்சி வேகத்தின் இரு மடங்குக்குக் குறைவான எந்த அதிர்வெண்ணிலும் அவை வாழும், இது ஒரு மடங்கு. சாய்வு கூடினால் நிஜமாகவே கொந்தளிக்கும். அப்போது சமச்சீர்க் கணக்கு உதவாது. மேசையை விட்டுவிட்டு, கலனை மட்டும் மேசைமேல் கோணலாகப் பொருத்தியிருந்தால் இந்தத் தொல்லை வராது, ஏனென்றால் சுழலும் அச்சு செங்குத்தாகத்தானே இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். சந்தேகமாக இருந்தால் கலனை விளிம்புவரை நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் மூடிவிடுங்கள். அலம்பப் பரப்பே இல்லாதபோது சாய்வின் விளைவும் போய்விடும்.

பெரிய கலன், கூடிய வேகம் என்று போனால் மட்டும், கொந்தளிப்பு மாடலுக்குள் சுழற்சியின் விளைவைச் சேர்க்கும் ஸ்பாலார்ட்–ஷூர் சுழற்சித் திருத்தம் (1997), அல்லது கொந்தளிப்பின் தகைவுகளைத் தனித்தனியே கணக்கிடும் ரெனால்ட்ஸ் தகைவு மாடல். முதலாவது பல மென்பொருள்களில் அணைந்தே கிடக்கும், நீங்கள்தான் தேடிப்பிடித்து இயக்க வேண்டும்.

மூடி போட்டால் இன்னொன்றும் நடக்கும்: மேலே இரண்டாவது எக்மன் படலம் உருவாகி, நேரம் ஏறக்குறைய பாதியாகும். விலை சொன்னவரிடம் இதையே கேட்டுப்பாருங்கள், "மூடி போட்டால் எவ்வளவு நேரமாகும்?" என்று. பதிலுக்கு அவர் மெஷ் எண்ணிக்கையைச் சொன்னால் போனை வைத்துவிடலாம்.