வாடகை வீட்டில் இருந்தாலும் அது உங்கள் பள்ளியும்தான்

தம்பி, அடுத்த மாதம் குடும்பத்தோடு டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ் பக்கம் வருகிறீர்கள், மகள் மூன்றாம் வகுப்பு. "எச்1பி விசா, வாடகை வீடு, சொத்து வரியும் கட்டப்போவதில்லை. அரசுப் பள்ளியில் சேர்ப்பார்களா? பள்ளியை நடத்துவது மாநிலமா, ஊர்க்காரர்களா? நமக்கு அதில் ஏதாவது பேச்சு உண்டா?" என்று கேட்டிருந்தீர்கள். பதினேழு வருடமாக இங்கே இருக்கிறேன். என் பிள்ளைகள் இருவரும் அரசுப் பள்ளியில்தான் படித்தார்கள்.

தாராளமாகச் சேர்ப்பார்கள், கட்டணம் கிடையாது. முகவரிக்கு லீஸ் (வாடகை ஒப்பந்தம்) அல்லது கரண்ட் பில், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி விவரம் இருந்தால் போதும். விசாவைக் காரணம் காட்டி எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்ப முடியாது. 1982-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. அந்த வழக்கே டெக்சாஸிலிருந்து போனதுதான்.

நம் ஊரில் பள்ளிக்கல்வித் துறை என்று ஒன்று, உத்தரவு சென்னையிலிருந்து வரும். இங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்கள். ஒவ்வொன்றும் மாநகராட்சிக்கும் கவுண்டிக்கும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கட்டுப்படாத, தானே வரி போடுகிற குட்டி அரசாங்கம். மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு போர்டைத் தேர்ந்தெடுப்பார்கள், பெரும்பாலும் ஏழு பேர். வரி விகிதம், எந்தத் தெருப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்பதெல்லாம் அவர்கள் கையில். பாடத்திட்டமும் ஸ்டார் (STAAR) என்ற பொதுத் தேர்வும் மாநிலத்தின் கையில். பள்ளி தொடர்ந்து தேறாமல் போனால் மாநிலம் போர்டையே ஒதுக்கிவிட்டுத் தானே நடத்தலாம். 2023-ல் ஹூஸ்டனில் அதுதான் நடந்தது.

ஊர் எல்லையும் டிஸ்ட்ரிக்ட் எல்லையும் ஒன்றல்ல. பிளேனோ என்று முகவரி இருக்கும், பள்ளி ஃபிரிஸ்கோ டிஸ்ட்ரிக்டில் வரும். நான் வந்த புதிதில் அபார்ட்மெண்ட் அலுவலகத்தில் சொன்னதை நம்பி லீஸில் கையெழுத்துப் போட்டேன். பிள்ளையைச் சேர்க்கப் போனபோதுதான் தெரிந்தது, எல்லைக்கோடு எங்கள் கட்டடத்துக்கு எதிர்ச் சாலையிலேயே முடிந்துவிடுகிறது என்று. அந்த ஒரு வருடம் நான் பட்ட பாடு நீங்கள் படவேண்டாம்.

வரி கட்டவில்லை என்று கூச்சப்படாதீர்கள். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, பள்ளியைப் பெரும்பாலும் தாங்குவது சொத்து வரி. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்குப் பள்ளி வரியில் 2025 முதல் வீட்டு மதிப்பில் 1,40,000 டாலர் கழிவு உண்டு. அபார்ட்மெண்ட் முதலாளிக்கு அது கிடையாது. அவர் முழு வரியையும் கட்டிவிட்டு உங்கள் வாடகையில்தான் எடுக்கிறார்.

வீட்டு விலை ஏறினால் பள்ளிக்குப் பணம் கொட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு மாணவருக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று மாநிலம் ஓர் அடிப்படைத் தொகை வைத்திருக்கிறது: 2019 முதல் 6,160 டாலர், 2025-ல் வெறும் 55 டாலர் கூட்டினார்கள். உள்ளூர் வரி முதலில் அந்தக் கணக்கை நிரப்பும், குறைவதை மாநிலம் தரும். வரி கூடினால் மாநிலம் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். மிஞ்சினால் மாநிலமே வாங்கிக்கொள்ளும். பணக்காரரிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுத்த கதை நாயகன் பெயரில், ராபின் ஹூட் என்று இங்கே எல்லோரும் சொல்வது இதைத்தான். சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் போன்ற ஏழை டிஸ்ட்ரிக்ட்கள் வழக்குப் போட்டு, 1989-ல் மாநில உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்த பிறகு, 1993-ல் வந்த ஏற்பாடு. பணக்கார ஊர்க்காரர்கள் இதைத் திட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏழைத் தெருவில் பிறந்த குழந்தைக்கு ஓட்டைக் கட்டடம்தான் என்று விட்டுவிட முடியாது. என் கோபமெல்லாம் விலைவாசிக்கு ஏற்ப அந்த அடிப்படைத் தொகையை ஏற்றாமல் வைத்திருப்பதில்தான்.

இன்னொன்று, பணம் வருவது வருகைப் பதிவை வைத்து. பொங்கலுக்கு மூன்று வாரம் ஊருக்கு என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால், நாள் ஒன்றுக்குச் சுமார் 35 டாலர் அளவுக்குப் பள்ளிக்குக் குறைகிறது. முடிந்தவரை விடுமுறையில் போங்கள்.

போர்டுத் தேர்தலில் ஓட்டு குடியுரிமை பெற்றவர்களுக்கு மட்டும்தான். கிரீன் கார்டு வந்தாலும் கிடையாது. டிரைவிங் லைசன்ஸ் எடுக்கும்போது வாக்காளர் பதிவுக் கட்டத்தில் தவறியும் டிக் போடாதீர்கள், பின்னால் விசாவுக்கே வினையாகிவிடும். ஆனால் போர்டு கூட்டத்தில் பேசலாம். ஒருமுறை எங்கள் அபார்ட்மெண்ட் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றப் பார்த்தார்கள். வாசலில் ஒரு சீட்டில் பெயரும் முகவரியும் எழுதிக் கொடுத்தேன், விசாவை யாரும் கேட்கவில்லை. மூன்று நிமிடம். எதிரே சின்ன விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளாக மாறியபோது கையிலிருந்த தாள் நடுங்கியது. எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் சொந்த வீடு உள்ளவர்கள். வாடகைக்காரர்கள் தரப்பில் நான் ஒருவன்தான். மாற்றத்தை நிறுத்தவில்லை, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதே பள்ளியில் முடிக்கலாம் என்று மட்டும் விட்டார்கள். என் மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு.

சரி, லீஸில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த முகவரியை டிஸ்ட்ரிக்டின் தளத்தில் போட்டு எந்தப் பள்ளி என்று பாருங்கள். எனக்கும் அனுப்புங்கள், நானும் ஒருமுறை பார்த்துச் சொல்கிறேன்.