லாகூர் பேருந்தும் ஓர் ஒப்பந்தத் தாளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1999 பிப்ரவரியில் வாஜ்பாய் பேருந்தில் லாகூர் போனார். நவாஸ் ஷெரீஃபும் அவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். மே மாதம் கார்கில் வெடித்தது. நாடுகள் நேருக்கு நேர் பேசினால் போரைத் தவிர்க்கலாம் என்று இன்னமும் எழுதுகிறீர்களே, அந்தப் பேச்சால் காலணா பிரயோஜனம் உண்டா?

ஒரு வாசகர், திண்டுக்கல்

அன்புள்ள நண்பருக்கு,

கார்கில் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான். ஒரு தரப்பு முடிவெடுத்து ஆளையும் அனுப்பிவிட்டால் எந்தக் கைகுலுக்கலும் அதை நிறுத்தாது. பேச்சுவார்த்தை தடுக்கக்கூடியது வேறொரு வகைப் போரை: யாருமே விரும்பாமல், தவறான கணிப்பில் மூளும் போரை.

அதற்கான வேலையும் லாகூரில்தான் நடந்தது. பிப்ரவரி 21 அன்று பிரதமர்களின் பிரகடனத்தோடு, வெளியுறவுச் செயலர்கள் கே. ரகுநாத்தும் ஷம்ஷாத் அகமதும் ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கேமராக்களுக்கு அதில் சுவாரஸ்யம் இல்லை. பாலிஸ்டிக் ஏவுகணைச் (உயரே எறியப்பட்டு வளைந்து வந்து விழும் ரகம்) சோதனையை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்பது அதில் ஒரு அம்சம். கார்கில் முடிந்து, 2001 நாடாளுமன்றத் தாக்குதலும் எல்லையில் படைக்குவிப்பும் கடந்து, 2005 அக்டோபரில் அது தனி உடன்படிக்கை ஆனது. சோதனைக்கென ஐந்து நாள் அவகாசம் குறிப்பார்கள். அது தொடங்குவதற்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே தகவல் போக வேண்டும். ஏவுதளம் எல்லையிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் இருக்கக் கூடாது, ஏவுகணை விழும் இடம் 75 கிலோமீட்டருக்குள் வரக் கூடாது. ரேடாரில் தெரிவது சோதனையா தாக்குதலா என்று யோசிக்கச் சில நிமிடங்களே இருக்கும் இரண்டு நாடுகளுக்கு இது சின்ன விஷயமல்ல.

இதைவிடப் பழையது அணு நிலையங்களின் பட்டியல். 1988 டிசம்பர் 31 அன்று கையெழுத்தான ஒப்பந்தப்படி, 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் டெல்லியிலும் இஸ்லாமாபாதிலும் ஒரே நேரத்தில் பட்டியல் கைமாறுகிறது. கார்கிலுக்குப் பிறகும், மும்பைத் தாக்குதலுக்குப் பிறகும் அது நிற்கவில்லை.

ஓட்டை எங்கே என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022 மார்ச் 9 அன்று இந்தியாவிலிருந்து ஒரு பிரம்மோஸ் ஏவுகணை தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானுக்குள் 124 கிலோமீட்டர் போய் மியான் சன்னு அருகே விழுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. மறுநாள் பாகிஸ்தான் ராணுவம் செய்தியாளர்களிடம் அறிவித்தது. பராமரிப்பின்போது நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறு என்று இந்தியா சொன்னது 11ஆம் தேதி. ஹாட்லைனில் ஏன் உடனே சொல்லவில்லை என்று பாகிஸ்தான் கேட்டது. நியாயமான கேள்வி. 2005 உடன்படிக்கை பாலிஸ்டிக் ஏவுகணைக்கு மட்டும், பிரம்மோஸோ விமானம்போலப் பறந்து போகும் குரூஸ் ரகம். அணு ஆயுத விபத்துகளுக்கான 2007 உடன்படிக்கையிலும் அது அடங்காது, ஏனென்றால் பிரம்மோஸ் அணு ஆயுதமல்ல. இரண்டு தாள்களுக்கும் நடுவே விழுந்த ஏவுகணை அது.

ஹாட்லைன் என்பது இரு ராணுவத் தலைமையகங்களிலும் உள்ள டிஜிஎம்ஓ-க்களின், அதாவது ராணுவ நடவடிக்கைகளுக்கான தலைமை இயக்குநர்களின், நேரடித் தொலைபேசி. 2025 மே 10 அன்று பிற்பகல் 3.35க்குப் பாகிஸ்தான் டிஜிஎம்ஓ அதில் இந்திய டிஜிஎம்ஓ-வை அழைத்தார்; மாலை 5 மணிமுதல் தரை, வான், கடல் மூன்றிலும் தாக்குதல் நிறுத்தம் என்று முடிவானதாக நம் வெளியுறவுச் செயலர் அறிவித்தார். அமெரிக்கா உள்ளே புகுந்து அழுத்தியதா இல்லையா என்ற சண்டை தனி. யார் அழுத்தியிருந்தாலும், எத்தனை மணிக்குத் துப்பாக்கியை நிறுத்துவது என்பதை அந்த இருவர்தான் பேசி முடிக்க வேண்டியிருந்தது.

இப்போது எனக்குக் கவலை தருவது, தகவலைக் கொண்டுபோகும் ஆட்கள் குறைந்துகொண்டே வருவது. 2019 ஆகஸ்டிலிருந்து இரு தலைநகரங்களிலும் தூதர் கிடையாது, பொறுப்பு அதிகாரிதான். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு தூதரக ஊழியர் எண்ணிக்கையும் 55-லிருந்து 30 ஆக வெட்டப்பட்டது. ஏவுகணை அறிவிப்பும் ஜனவரிப் பட்டியலும் அந்த அலுவலகங்கள் வழியாகத்தான் போய் வருகின்றன.