குன்னூர் வீட்டை வரைபடத்தில் குறிப்பது பற்றி

வணக்கம். குன்னூரில் மூத்த திருநங்கைகள் சேர்ந்து வாழ்ந்த பழைய ஓட்டு வீட்டை உங்கள் வரலாற்று வரைபடத்தில் துல்லியமாகக் குறிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். இன்னும் இருவர் அங்கே குடியிருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

லண்டன் டைட் தெருவில் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டு வாழ்ந்த வீட்டின் பாரம்பரியப் பதிவில், தன்பால் ஈர்ப்பு வரலாற்றை 2016இல் சேர்த்தார்கள். ஆனால் அவர் இறந்தது 1900இல்; அந்தப் பதிவால் அவருக்கு இனி ஆபத்தில்லை. இங்கே வாழ்கிறவர்களின் வாசலில் புள்ளி வைத்தால், வீட்டுக்காரர் நாளைக்கே காலி செய்யச் சொல்லக்கூடும். மலையில் வேறு வாடகை வீடு தேடுவது எவ்வளவு பாடு!

முதலில் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். சம்மதித்தால் ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டு, குரலைப் பதிவு செய்யுங்கள். 2008இல் தமிழக அரசின் திருநங்கைகள் நல வாரியம் வருவதற்கு முந்தைய நாட்களைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். மறுத்தால், வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும்.